பழைய டீசல் ஜீப்பை வீட்டிலேயே கவனிப்பது: எதை முதலில் பார்ப்பது, எதை எப்போது கழற்றுவது

இருபது, முப்பது வயதான டீசல் ஃபோர் வீல் ஜீப் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் வாசலில் நிற்பது மஹிந்திரா எம்எம்540, பியூஜோ 2112 சிசி இன்ஜின். டிஐ (டைரக்ட் இன்ஜெக்ஷன்) இன்ஜின் போட்ட மஹிந்திரா சிஎல் ரகங்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் இல்லாத வண்டிகள் இவை. கண், காது, மூக்கு, ஒரு மல்டிமீட்டர் இருந்தால் முக்கால்வாசிக் கோளாறைப் பிடித்துவிடலாம்.

புதிதாகக் கை வைப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பம்பைக் கழற்றுவார்கள், ஸ்டியரிங் ஆடினால் ஸ்டியரிங் பாக்ஸை முறுக்குவார்கள். எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் நான்கையும் கழற்றி டெஸ்ட் செய்து, பம்பையும் சர்வீஸுக்கு அனுப்பிய பிறகுதான் டேங்குக்குப் பக்கத்தில் வெடித்திருந்த ஒரு ஜான் ரப்பர் ஹோஸைக் கண்டுபிடித்தார்.

1. ஸ்பானர் எடுக்கும் முன் சேர்த்து வைக்க வேண்டியவை

வண்டியின் சர்வீஸ் மேனுவல் முதலில் வேண்டும். டேப்பெட் (வால்வு) இடைவெளி, போல்ட் டார்க், ஆயில் அளவு ஆகியவை இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். இவற்றை யாரோ சொன்னதை வைத்துச் செய்யக் கூடாது.

ரிங் ஸ்பானர் செட், சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப், கிரீஸ் கன் ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஓப்பன் ஸ்பானரை நம்பி இறங்காதீர்கள், துருப்பிடித்த நட்டின் மூலையை அது மழித்துவிடும்.

பல அளவுகளில் காப்பர் வாஷர், ஹோஸ் கிளிப், இரண்டு மீட்டர் டீசல் ஹோஸ் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். கொத்தனார் தண்ணீர் மட்டம் பார்க்கப் பயன்படுத்துகிற கண்ணாடி போன்ற ட்யூபில் ஒரு மீட்டரும் வாங்கி வையுங்கள். அது எதற்கு என்பது 6-ஆம் பகுதியில் வரும்.

துடைக்கப் பனியன் வேஸ்ட் போதும், ஆனால் டீசல் லைன் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள். அதன் நூல் ஒன்று உள்ளே போனாலும் நாசில் வரைக்கும் தொல்லைதான். அங்கே நூல் உதிராத பழைய வேட்டித் துணியைப் பயன்படுத்துங்கள்.

2. வண்டியை நிறுத்தும் விதம்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் கிடையாது, ட்ரான்ஸ்ஃபர் கேஸின் (இன்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) பின்னால், பின் ஆக்ஸிலுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கியதும், தரையில் இருக்கும் மற்ற சக்கரம் டிஃபரென்ஷியல் வழியாகச் சுதந்திரமாகச் சுழலும். ஹேண்ட் பிரேக் முழுதாக இழுத்திருந்தாலும் வண்டி உருளும். கியரில் போட்டு வைத்தாலும் இதே கதைதான், கியரும் அதே ஷாஃப்டைத்தானே பிடிக்கிறது.

ஆகவே சமதளத்தில் நிறுத்தி, தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகுதான் ஜாக்கி வைக்க வேண்டும். தூக்கியதும் ஆக்ஸிலுக்கடியில் ஸ்டாண்ட் போடுங்கள். ஹாலோ பிளாக் கல் வேண்டாம், அது முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

3. கழுவும் முன் பாருங்கள், கழுவிய பின்னும் பாருங்கள்

வாங்கிய மறுநாளே வாட்டர் சர்வீஸுக்குக் கொண்டுபோனால் கசிவுகளின் தடயமெல்லாம் போய்விடும். முதலில் அடியில் அட்டை விரித்து ஓர் இரவு நிறுத்துங்கள். காலையில் எந்த இடத்தில் என்ன சொட்டியிருக்கிறது என்று பாருங்கள். கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். தடித்துக் கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். சக்கரத்தின் உட்புறம் மெல்லிய ஈரமாக இருந்தால் பிரேக் ஆயில். அது தெரிந்தால் வண்டியை எடுக்கவே கூடாது.

இடங்களைக் குறித்துக்கொண்ட பிறகு கழுவி, இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மீண்டும் அடியில் படுத்துப் பாருங்கள். பழைய கறையையும் இன்றைய கசிவையும் பிரித்துக் காட்டுவது இந்த இரண்டாவது பார்வைதான். கழுவும்போது ஏர் கிளீனர் வாயிலும் ஆல்டர்னேட்டரிலும் தண்ணீர் அடிக்க விடாதீர்கள்.

4. ஆயில்: நிரப்பும் பிளக் முதலில், வடிக்கும் பிளக் பிறகு

கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், முன், பின் ஆக்ஸில் ஹவுசிங் எதுவானாலும், பக்கவாட்டில் உள்ள நிரப்பும் பிளக்கை முதலில் கழற்றிப் பாருங்கள். அது வந்த பிறகுதான் கீழே உள்ள வடிகால் பிளக்கில் கை வைக்க வேண்டும். நான் ஒருமுறை கியர்பாக்ஸ் ஆயிலை முழுக்க வடித்துவிட்டுத்தான் மேல் பிளக் துருவில் இறுகியிருப்பதைக் கண்டேன். வெல்டிங்காரர் வரும்வரை இரண்டு நாள் வண்டி அப்படியே நின்றது.

சூடான வண்டியில் வடியுங்கள், அப்போதுதான் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வரும். வந்த ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். பால் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர் போயிருக்கிறது, ஓடை இறங்கிய வண்டிகளில் இது சகஜம். ஹவுசிங் மேலுள்ள பிரீதர் (காற்று போய் வரும் சிறு வால்வு) அடைத்திருந்தால், சூடான ஆக்ஸில் தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் மாற்றும்போதே பிரீதரைக் கழற்றிக் கழுவாவிட்டால் அடுத்த மழைக்கே அந்த ஆயிலும் பாலாகிவிடும்.

கியர்பாக்ஸில் ஆயில் குறைந்து ட்ரான்ஸ்ஃபர் கேஸில் ஏறியிருந்தால், நடுவிலுள்ள சீல் தேய்ந்து ஆயில் இடம் மாறியிருக்கிறது. ஒன்றில் மட்டும் பார்த்து ஊற்றிக்கொண்டே இருந்தால் அடுத்தது நிரம்பி வழியும்.

இன்ஜின் ஆயிலுக்கு 15டபிள்யூ-40 டீசல் ஆயில் போதும். டிப் ஸ்டிக்கில் அளவு குறைவதைவிட ஏறுவதுதான் பயப்பட வேண்டிய விஷயம். டேங்கிலிருந்து டீசலை இழுக்க பிளாக்கில் பொருத்திய ஃபீட் பம்பின் டயஃப்ரம் கிழிந்தால் டீசல் நேரே சம்ப்பில் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறங்கும், ஆயில் நீர்த்து பேரிங் தேயும். மோந்து பார்த்தால் டீசல் வாடை காட்டிக்கொடுக்கும். அப்படி இருந்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

ஆயில் பாத் ஏர் கிளீனர் உள்ள வண்டிகளில் கிண்ணத்தை டீசலில் கழுவி, குறி வரை மட்டும் புது ஆயில் ஊற்றுங்கள். கூடுதலாக இருக்கட்டும் என்று ஊற்றினால் இன்ஜின் அதையும் இழுத்து எரிக்கும், நீலப் புகை வரும். பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று நினைத்து இன்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு.

5. ஸ்டார்ட் ஆகவில்லையா? மூன்று கேள்விகள்

டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை வேகமாக அழுத்திச் சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்ச வேண்டும், அவ்வளவுதான் வேலை. கேள்விகளும் அதற்கேற்றபடியே.

முதல் கேள்வி: செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறதா? மெதுவாகச் சுற்றினால் காற்று போதிய சூடு ஏறாது. அப்போது டீசல் பக்கம் போகவே வேண்டாம், 9-ஆம் பகுதிக்குப் போங்கள்.

இரண்டாவது: நன்றாகச் சுற்றுகிறது, சைலன்சரில் புகை வருகிறதா? கொஞ்சமும் புகை இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. டேங்கில் டீசல் இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பாருங்கள், பழைய வண்டியின் கேஜை நம்பக் கூடாது. அடுத்து ஸ்டாப் கேபிளைப் பாருங்கள். டாஷ்போர்டில் குமிழை உள்ளே தள்ளியிருந்தாலும் துருப்பிடித்த கேபிள் பம்பின் லிவரை நிறுத்திய நிலையிலேயே பிடித்து வைத்திருக்கும். கையால் லிவரை நகர்த்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கேபிளுக்குப் பதில் கட்-ஆஃப் சொலினாய்டு உள்ள பம்பு என்றால், சாவி போட்டதும் அந்த ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று டெஸ்ட் லேம்பால் பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால் டீசல் லைனில் காற்று பிடித்திருக்கிறது, 6-ஆம் பகுதிக்குப் போங்கள்.

மூன்றாவது: சுற்றுகிறது, வெள்ளைப் புகையும் வருகிறது, ஆனால் பிடிக்கவில்லையா? டீசல் போகிறது, எரியவில்லை. பியூஜோ போன்ற இன்ஜின்களில் முதல் சந்தேகம் ஹீட்டர் பிளக் மேல். பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லேம்பின் கிளிப்பை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, ஒவ்வொரு பிளக்கின் முனையையும் தொடுங்கள். விளக்கு எரியாத பிளக் கருகியது. பட்டையைக் கழற்றாமல் சோதித்தால் ஒரு நல்ல பிளக் மற்ற மூன்றின் குறையையும் மறைத்துவிடும். நான்கும் எரிந்தால் பிளக் வரைக்கும் கரண்ட் வருகிறதா, ரிலே வேலை செய்கிறதா என்று பாருங்கள். டிஐ இன்ஜின்களில் பொதுவாக இந்த ஹீட்டரே இருக்காது, அங்கே பேட்டரியின் தெம்புதான் எல்லாம்.

ஈதர் ஸ்ப்ரே அடித்து ஸ்டார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது அடித்தால் இன்டேக்கிலேயே வெடிக்கும்.

6. காற்று எடுப்பது, காற்று எங்கே நுழைகிறது என்று பிடிப்பது

காற்று எடுப்பதை எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. டேங்கில் டீசல் தீர்ந்தோ, ஃபில்டர் மாற்றியதாலோ காற்று புகுந்திருந்தால் எடுத்ததோடு முடிந்தது. காரணமே இல்லாமல் தினமும் காலையில் புகுந்தால் எங்கோ கசிவு இருக்கிறது.

எடுக்கும் முறை இது. ஃபில்டர் தலையிலுள்ள பிளீட் ஸ்க்ரூவை ஒன்றிரண்டு சுற்று தளர்த்தி, ஃபீட் பம்பின் ஹேண்ட் பிரைமரை (கையால் அடிக்கும் லிவர் அல்லது குமிழ்) அடியுங்கள். முதலில் நுரையாக வரும், குமிழ் நின்று சுத்தமான டீசல் வழியும்போது, அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்குங்கள். அடிப்பதை நிறுத்திவிட்டு இறுக்கினால் காற்று மீண்டும் உள்ளே போகும். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பின் பிளீட் ஸ்க்ரூவில் இதையே செய்யுங்கள். கடைசியாக நாசில் பக்கத்து பைப் நட்டு இரண்டைத் தளர்த்தி, ஆளை விட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். டீசல் துடித்துத் துடித்து வந்ததும் இறுக்குங்கள். டேங்கிலிருந்து நாசிலை நோக்கிப் போவதுதான் இந்த வரிசை. தலைகீழாகச் செய்தால் பின்னாலிருக்கும் காற்று மீண்டும் முன்னால் வந்து நிற்கும்.

கை லிவர் எதிர்ப்பே இல்லாமல் ஆடினால் பம்பு கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். கேம் அந்த நேரத்தில் பம்பைத் தூக்கிய நிலையில் நின்றிருக்கலாம். இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். திருகிக் கழற்றும் குமிழ் வகை என்றால் வேலை முடிந்ததும் அதைத் திருகி மூடுங்கள், மறந்தால் அதன் வழியாகவே காற்று போகும்.

செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து விநாடிக்கு மேல் அடிக்காமல், இடையில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது நாசில் பைப்பில் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. நூறு பாருக்கு மேல் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், ஊசி குத்தியது போல்தான் தெரியும், ஆனால் ஆபரேஷன் வரைக்கும் போகும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

இப்போது கொத்தனார் ட்யூப். ஃபீட் பம்புக்கு முன்னால் ஹோஸைக் கழற்றி அந்த இடத்தில் ட்யூபை இணைத்து இன்ஜினை ஓட விடுங்கள். குமிழ் தெரிந்தால் கசிவு டேங்குக்கும் அந்த இடத்துக்கும் நடுவில். தெரியாவிட்டால் ட்யூபை ஃபில்டருக்கும் இன்ஜெக்ஷன் பம்புக்கும் நடுவில் மாற்றுங்கள். இப்படி ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினால் அரை மணி நேரத்தில் இடம் சிக்கிவிடும். ஃபீட் பம்புக்கு முந்தைய பகுதி உறிஞ்சும் பகுதி, அங்கே காற்றுதான் உள்ளே போகும், டீசல் வெளியே சொட்டாது. வெளியில் காய்ந்திருக்கிறது, அதனால் கசிவில்லை என்று பலர் ஏமாறுவது இதனால்தான். சோதனை முடிந்ததும் ட்யூபை எடுத்துவிடுங்கள், டீசலில் ஊறினால் அது விறைத்து வெடிக்கும்.

கழற்றிய பான்ஜோ போல்ட்டுகளுக்குப் (டீசல் பைப்பை இணைக்கும் துளையுள்ள போல்ட்) புது காப்பர் வாஷர் போடுங்கள். கையில் இல்லையென்றால் பழையதை அடுப்பில் செக்கச்சிவக்கச் சூடாக்கி ஆறவிட்டால் செம்பு மீண்டும் மிருதுவாகும், ஒருமுறை ஓட்டலாம். நாசிலுக்கு அடியில் உட்காரும் வாஷருக்கு மட்டும் இந்தச் சிக்கனம் வேண்டாம்.

7. இழுவை இல்லை, புகை அதிகம்

அரை மணி நேரம் நன்றாக ஓடி, மேட்டில் மூச்சு முட்டி நிற்கிறது, கொஞ்சம் நேரம் விட்டால் மீண்டும் ஓடுகிறது என்றால் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. செலவு ஒரு ஊசி. அது இல்லையென்றால் ஃபில்டர்கள். இரட்டை ஃபில்டர் அமைப்பில் துணி ஃபில்டர் முதலில், பேப்பர் ஃபில்டர் அடுத்து. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் பேப்பர் சில வாரத்தில் அடைக்கும்.

கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை, ஏர் கிளீனரில் தொடங்குங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் அது அடுத்த பகுதிக்கான விஷயம்.

8. சூடேறுவது

ரேடியேட்டரின் வெளிப்பக்கத்தை முதலில் பாருங்கள். மண்ணும் புல் விதையும் துடுப்புகளுக்கு நடுவில் அடைத்திருக்கும். இன்ஜின் பக்கமிருந்து முன்னால் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே போய்ச் சிக்கும். அப்புறம் ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், சுமார் ஒரு சென்டிமீட்டர் அமுங்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டை எடுத்து எறிந்துவிடுவது நம் ஊர் வழக்கம். அது இல்லாமல் மலையில் இரவில் ஓடும் வண்டி இன்ஜின் சூடே ஏறாமல் ஓடும், டீசல் அதிகம் குடிக்கும். கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், திறக்கவில்லை என்றால் புதியது வாங்குங்கள்.

ஹெட் கேஸ்கெட் சந்தேகம் இருந்தால் காலையில் ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். இடைவிடாமல் குமிழ் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் வருகிறது. சூடான நிலையில் மூடியில் கை வைக்கவே வேண்டாம்.

9. கரண்ட்

மெதுவாகச் சுற்றும் செல்ஃபுக்குப் பேட்டரியைக் குறை சொல்லும் முன் எர்த்தைப் பாருங்கள். ஜம்பர் கேபிள் ஒன்றை பேட்டரி மைனஸிலிருந்து நேரே இன்ஜின் பிளாக்கில் மாட்டி செல்ஃப் அடியுங்கள். வேகம் கூடினால் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கிறது. நூறு ரூபாய் சாமானில் தீரும் கோளாறுக்கு மூன்று பேட்டரி மாற்றியவரை எனக்குத் தெரியும்.

ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும், இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்து ஸ்பானர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

வேக்கம் பிரேக் உள்ள டீசல் வண்டிகள் பலவற்றில் வேக்கம் பம்பு ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். இறக்கத்தில் சார்ஜ் விளக்கு எரிந்து, கூடவே பிரேக் பெடல் கல்லாக இறுகினால் பெல்ட் அறுந்திருக்கிறது. லோ கியரில் போட்டு ஓரம் கட்டுங்கள்.

10. பிரேக்

டிரம்மைக் கழற்றியதும் தூசியை ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் பூட்டை விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரமாக இருந்தால் மாற்ற வேண்டியதுதான். டிரம்மில் இருப்பது கியர் ஆயில் என்றால் பிரேக்கில் குறை இல்லை, ஆக்ஸில் சீலையும் அந்தப் பிரீதரையும் பாருங்கள்.

பிரேக்கில் காற்று எடுப்பது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கும். நம் வலதுபக்க ஸ்டியரிங் வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. பிடித்த ஆயிலை மீண்டும் ஊற்றாதீர்கள். திறந்து வைத்த பழைய டப்பாவும் வேண்டாம், பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நீண்ட இறக்கத்தில் அந்த ஈரம் ஆவியாகி பெடல் தரையைத் தொடும்.

11. அடிப்பக்கம், ஃபோர் வீல்

ஸ்டியரிங் உதறினால் வரிசை இது: டயர் காற்று, வீல் பேரிங், டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டு), கிங் பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு), கடைசியில்தான் ஸ்டியரிங் பாக்ஸ். முன்சக்கரத்தைத் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், அப்படியே இருந்தால் கிங் பின்.

கியர் மாற்றும்போது டங் என்று அடித்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டிலுள்ள கிராஸைச் சந்தேகியுங்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். கிரீஸ் அடிக்கும்போது நான்கு கப்பிலும் வெளியே வரும்வரை அடியுங்கள், ஒன்றில் வரவில்லை என்றால் அந்தப் பக்கம் காய்ந்து போயிருக்கிறது. ஷாஃப்டைப் பிரிக்கும் முன் இரு பாதியிலும் பெயின்ட் குறி வையுங்கள், மாற்றிச் சேர்த்தால் வண்டி முழுக்க அதிரும்.

ஃபோர் வீலைக் காய்ந்த தார் ரோட்டில் போடாதீர்கள். முன்னும் பின்னும் சுற்றும் வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க நடுவில் டிஃபரென்ஷியல் இல்லாததால் ஷாஃப்டுகள் முறுக்கேறும், லிவர் வெளியே வர மறுக்கும். அப்படி இறுகிவிட்டால் லிவரை இழுத்து மல்லுக்கட்டாமல் சில அடி நேராக ரிவர்ஸ் எடுங்கள், தானாக விடும். முன்னால் ஒரு அளவு, பின்னால் வேறு அளவு டயர் போட்டாலும் இதே சிக்கல், மண்ணிலும் தொடரும். மாதம் ஒருமுறையாவது ஈர மண்ணில் முன்சக்கர ஹப்பை (முன்சக்கரத்தை ஆக்ஸிலோடு இணைக்கும் பூட்டு) லாக் செய்து கொஞ்சம் ஓட்டுங்கள், இல்லையென்றால் அவசரத்துக்குத் திருகும்போது ஹப் துருவில் இறுகியிருக்கும்.

12. வீட்டில் தொடக் கூடாதவை

இன்ஜெக்ஷன் பம்பைப் பிரிப்பது, நாசில் அழுத்தம் வைப்பது, டிஃபரென்ஷியலின் கிரவுன் பினியன் கியர்களுக்கு ஷிம் (இடைவெளித் தகடு) வைப்பது இவை மூன்றும் டெஸ்ட் பெஞ்சும் அளவுக் கருவியும் கேட்கும் வேலைகள். பம்பின் சீல் வைத்த ஸ்க்ரூவைத் திருகி இழுவை கூட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புகைதான் கூடும், எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றிதழ்) போகும்போது வம்பு.

பம்பைக் கழற்றி சர்வீஸ் கடைக்கு நீங்களே கொண்டுபோகலாம், அதில் கூலி மிச்சம். அதற்கு முன் சுற்றிலும் டீசல் விட்டுக் கழுவி, ஃபிளாஞ்சிலும் இன்ஜின் உடம்பிலும் சேர்த்து ஒரே கோடாக ஆணியால் கீறிவிடுங்கள், திரும்ப மாட்டும்போது டைமிங்குக்கு அதுதான் முதல் அடையாளம். மேனுவலில் சொன்ன டைமிங் குறிகளும் சேர்ந்திருக்கும்படி இன்ஜினைச் சுற்றி நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். பைப்புகளுக்கு ஒன்று முதல் நான்கு வரை டேக் கட்டி, திறந்த வாய்களையெல்லாம் சுத்தமான பிளாஸ்டிக் தாளும் ரப்பர் பேண்டும் போட்டு மூடிவிடுங்கள்.